"கையெழுத்து போட மாட்டேன்" என்று துணை சொன்னால் மணவிலக்கு கிடைக்காதா?

"நான் கையெழுத்து போட மாட்டேன். என்ன பண்றாங்கன்னு பாத்துடலாம்."

மணவிலக்குப் பேச்சு எழும் வீடுகளில் இந்த வாக்கியம் எப்படியாவது வந்துவிடுகிறது. சொல்பவர் கணவராக இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். சிலர் கோபத்தில் சொல்கிறார்கள், சிலர் பயத்தில் சொல்கிறார்கள். கேட்பவருக்கு என்னவோ, அத்தோடு எல்லாக் கதவும் மூடிவிட்டதுபோல் ஆகிவிடும். "அவங்க சம்மதிக்கலையே, இனி என்ன செய்ய?" என்று வருடக்கணக்கில் அப்படியே இருந்துவிடுபவர்களும் உண்டு.

சிங்கப்பூர்ச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

சுருக்கமான பதில்: ஒருவர் மறுப்பதால் மட்டும் மணவிலக்கு நின்றுவிடாது. ஆனால் அந்த மறுப்புக்கு வேறு வகையில் பலம் இருக்கிறது. போகும் வழியை அது மாற்றும். காலத்தை நீட்டும். செலவைக் கூட்டும்.

கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எந்தச் சட்டம் பொருந்தும்?

சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணமும் மணவிலக்கும் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்கீழ் வருகின்றன. வழக்குகளைக் குடும்ப நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. முஸ்லிம் தம்பதிகளுக்கு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும். அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

ஆண்டுக்கு 7,000க்கும் அதிகமான திருமணங்கள் இங்கு மணவிலக்கில் அல்லது திருமண ரத்தில் முடிகின்றன. 

மணவிலக்கு கேட்க அடிப்படையாகச் சில தகுதிகள் உண்டு. தம்பதியில் ஒருவராவது சிங்கப்பூரை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டிருக்க வேண்டும். அல்லது விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். அதோடு, திருமணமாகி 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே விண்ணப்பிக்க நீதிமன்றத்தின் அனுமதி தேவை. விண்ணப்பிப்பவர் அசாதாரணமான துன்பத்தை அனுபவித்திருந்தால், அல்லது துணையின் நடத்தை அசாதாரணமாகக் கொடியதாக இருந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். "ஒத்து வரல" என்ற காரணம் அதற்குப் போதாது.

2024ல் வந்த புது வழி: ஆனா ரெண்டு பேரும் வேணும்

"இப்போதான் சட்டத்த மாத்திட்டாங்களே, யார் மேலயும் பழி போடத் தேவையில்லைன்னு சொன்னாங்களே?" என்று சிலர் கேட்கலாம்.

உண்மைதான். 2022 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் 2024 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி கணவன், மனைவி இருவரும் ஒப்புக்கொண்டால், யார்மீதும் குற்றம் சுமத்தாமல் மணவிலக்கு கோரலாம். திருமணம் ஏன் முறிந்தது, அதைக் காப்பாற்ற என்ன முயற்சி எடுத்தோம், பிள்ளைகள் விஷயத்திலும் பண விஷயத்திலும் என்ன யோசித்திருக்கிறோம் என்பதை இருவரும் நீதிமன்றத்திடம் சொல்ல வேண்டும். மீண்டும் சேர்ந்து வாழ நியாயமான வாய்ப்பு இருப்பதாக நீதிபதி கருதினால் விண்ணப்பத்தை ஏற்காமல் விடலாம்.

இந்த வழியின் பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது: பரஸ்பர ஒப்புதல். ஒருவர் "முடியாது" என்று சொன்ன அந்த நொடியே இந்தக் கதவு மூடிவிடும். பிறகு பழைய வழிகள்தான்.

ஒருவர் மறுத்தால் மிஞ்சும் 4 வழிகள்

சட்டத்தின் பார்வையில் மணவிலக்குக்கு ஒரே காரணம்தான்: திருமணம் மீட்க முடியாத அளவுக்கு முறிந்துவிட்டது. அதை எப்படிக் காட்டுவது என்பதில்தான் வேறுபாடு. துணையின் சம்மதம் இல்லாமலேயே காட்டக்கூடிய வழிகள் இவை:

1. தகாத உறவு. துணை வேறொருவருடன் பாலியல் உறவு வைத்திருந்தார், அதனால் அவருடன் வாழ்வது சகிக்க முடியாததாகிவிட்டது என்று காட்ட வேண்டும். விஷயம் தெரிந்த பிறகும் மொத்தம் 6 மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அதைக் காரணமாகக் காட்ட முடியாது.

2. பொறுத்துக்கொள்ள முடியாத நடத்தை. அடி உதை மட்டுமல்ல. தொடர்ந்து அவமானப்படுத்துவது, சூதாட்டம், குடி, குடும்பத்தை அடியோடு கவனிக்காமல் விடுவது எனப் பலவும் இதில் அடங்கலாம். யாரோ ஒரு பொதுவான மனிதரால் இதைத் தாங்க முடியுமா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. இந்த மனைவி, இந்தக் கணவர், இவர்களுடைய இயல்பு, இவர்கள் வாழ்ந்த சூழல் ஆகியவற்றை வைத்து, இவர் இனியும் அவருடன் வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று பார்க்கும். தனித்தனியாகச் சின்னதாகத் தெரியும் சம்பவங்கள் சேர்ந்து பெரிதாகலாம்.

3. கைவிட்டுப் போனது. துணை தகுந்த காரணமின்றி, திரும்பி வரும் எண்ணமும் இல்லாமல், தொடர்ந்து குறைந்தது 2 ஆண்டுகள் விட்டுச் சென்றிருக்க வேண்டும்.

4. நான்கு ஆண்டுப் பிரிவு. இருவரும் தொடர்ந்து 4 ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருந்தால் மற்றவரின் சம்மதம் தேவையில்லை. அவர் சம்மதித்தால் 3 ஆண்டுகளே போதும். ஆக, இந்த வழியில் ஒரு கையெழுத்தின் விலை ஒரு வருடம்.

நான்காவது வழியில் யார்மீதும் பழி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதுவும் தானாகக் கிடைத்துவிடாது. மணவிலக்கு வழங்குவது நியாயமா, பிள்ளைகளை அது எப்படிப் பாதிக்கும் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்து வாழ முடியுமா?

நம் ஊரில் இது சாதாரணக் கேள்வி இல்லை. வீவக வீட்டை விட்டு வெளியேறினால் வாடகை யார் கட்டுவது? பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவது?

சட்டம் பார்ப்பது முகவரியை அல்ல, இல்லறத்தை. ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் இரண்டு தனிக் குடித்தனங்களாக வாழ்ந்தால் அது பிரிவாகக் கருதப்படலாம். தனி அறை, தனிச் சமையல், தனித் துணி துவைப்பு, தம்பதியாக எங்கும் போகாமல் இருப்பது போன்றவற்றை வைத்து அதைக் காட்ட வேண்டும். மனைவி சமைத்ததைக் கணவர் தினமும் சாப்பிட்டுக்கொண்டு, "நாங்க பிரிஞ்சுதான் இருக்கோம்" என்று சொன்னால் நீதிமன்றம் நம்புவது கடினம்.

இன்னொரு பக்கம், இரண்டு நாடுகளில் இருப்பதால் மட்டும் அது பிரிவாகிவிடாது. வேலைக்காகக் கணவர் துபாயிலும் மனைவி சிங்கப்பூரிலும் இருந்தால், அது குடும்பத்துக்காகப் பிரிந்திருப்பது. திருமணம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் எப்போது தொடங்கியதோ அதிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும்.

இங்குதான் பலர் தவறவிடுகிறார்கள். 4 ஆண்டுகள் எப்போது தொடங்கியது என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். பிரிவு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் இருவரும் சம்மதிக்க வேண்டும். துணை அதற்கும் வரவில்லை என்றால், "இன்றிலிருந்து நாம் கணவன் மனைவியாக வாழவில்லை" என்று தேதியுடன் ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பி வைப்பது பிற்பாடு உதவும்.

நடுவில் ஒருமுறை சேர்ந்து வாழ்ந்து பார்த்தால்? "கோட்டை எல்லாம் அழிச்சு மறுபடி முதல்ல இருந்தா?" என்று பயப்பட வேண்டாம். மொத்தம் 6 மாதத்துக்கு மிகாமல் மீண்டும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் பிரிவின் தொடர்ச்சி அறுந்துவிடாது. ஆனால் சேர்ந்து வாழ்ந்த அந்த நாள்கள் 4 ஆண்டுக் கணக்கில் வராது. சமாதானம் ஆக முயற்சி செய்பவர்கள் அதற்காகத் தண்டிக்கப்படக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

கடிதத்தையே வாங்கவில்லை என்றால்?

"லாயர் லெட்டர் வந்தா வாங்காதே, அப்புறம் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது." இப்படி அறிவுரை சொல்லும் மாமா ஒருவர் பல குடும்பங்களில் இருக்கிறார்.

அந்த அறிவுரை தவறு.

நீதிமன்ற ஆவணங்களைத் துணையிடம் நேரில் கொடுப்பதுதான் வழக்கம். அவர் கதவைத் திறக்கவில்லை, ஆளையே காணவில்லை என்றால், வேறு வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். வீட்டுக் கதவில் ஒட்டுவது, செய்தித்தாளில் விளம்பரம் செய்வது, மின்னஞ்சல் போன்ற மின்னியல் வழிகள் ஆகியவற்றில் பொருத்தமானதை நீதிமன்றம் அனுமதிக்கலாம். அப்படிச் சேர்ப்பித்துவிட்டால் அவருக்குத் தகவல் போய்விட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் அவர் குறித்த காலத்துக்குள் பதில் தரவில்லை என்றால்? வழக்கு எதிர்ப்பில்லாத வழக்காக முன்னே போகும். அவர் இல்லாமலேயே மணவிலக்கு வழங்கப்படலாம். மௌனமாக இருப்பவர் மணவிலக்கைத் தடுப்பதில்லை. பிள்ளைகள், வீடு, பணம் பற்றித் தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பைத்தான் அவர் இழக்கிறார்.

எதிர்த்து வழக்காடினால் என்ன ஆகும்?

மறுப்பவர் நீதிமன்றத்துக்கு வந்து, "அவங்க சொல்றது பொய், திருமணம் முறியவில்லை" என்று வாதாடலாம். எதிர்க் குற்றச்சாட்டும் தாக்கல் செய்யலாம்.

ஆனால் நேராக விசாரணைக்குப் போவதில்லை. 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் பெற்றோர், விண்ணப்பத்துக்கு முன்பே இணைந்து பிள்ளை வளர்ப்பது பற்றிய கட்டாயத் திட்டத்தில் பங்கெடுக்க வேண்டும். வழக்கு தொடங்கிய பின் ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் நீதிமன்றம் அனுப்பும். அந்த மேசையில்தான் பலருடைய நிலைப்பாடு மாறுகிறது. "உன்னை விடமாட்டேன்" என்று வந்தவர், "வீடு என்ன ஆகும், பிள்ளையை எத்தனை நாள் பார்க்கலாம்" என்று பேசத் தொடங்குகிறார்.

சமரசம் ஆகவில்லை என்றால் விசாரணை. இருவரும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். படுக்கையறையில் நடந்தது, மாமியார் சொன்னது, நடு ராத்திரி அனுப்பிய செய்தி என எல்லாவற்றையும் பற்றிக் குறுக்கு விசாரணை நடக்கும். குற்றச்சாட்டுகளை நிரூபிக்க முடியாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகவும் வாய்ப்புண்டு. அப்போது விண்ணப்பித்தவர் 4 ஆண்டுப் பிரிவுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

மணவிலக்குக்கு அனுமதி கிடைத்தால் முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது 3 மாதங்கள் கழித்து, பிள்ளைகள், சொத்து, பராமரிப்பு விவகாரங்களும் முடிந்த பிறகே இறுதித் தீர்ப்பு. அதற்கு முன் மறுமணம் செய்ய முடியாது. செய்தால் குற்றம்.

சரி, மறுப்பதால் யாருக்கு லாபம்?

பலர் நினைப்பது: "அவர் தப்பு பண்ணாரு, அதை நிரூபிச்சா வீடு எனக்கு வந்துடும்." அல்லது, "நான் சம்மதிக்காத வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் போகாது."

இரண்டும் பெரும்பாலும் நடப்பதில்லை. சொத்துப் பங்கீட்டில் நீதிமன்றம் யார் குற்றவாளி என்று பார்த்துத் தண்டிப்பதில்லை. மிக மோசமான சூழல்கள் தவிர, இருவரும் குடும்பத்துக்கு என்ன பங்களித்தார்கள் என்றுதான் பார்க்கிறது. சம்பளம், மத்திய சேமநிதி மட்டுமல்ல. சமைத்தது, பிள்ளை வளர்த்தது, வயதான பெற்றோரைக் கவனித்தது எல்லாம் கணக்கில் வரும்.

இழுத்தடிப்பவர்கள் கவனிக்காத இன்னொரு விஷயம்: பங்கிட வேண்டிய சொத்துகள் எவை என்பதை நீதிமன்றம் பொதுவாக இடைக்காலத் தீர்ப்புத் தேதியை வைத்தே முடிவு செய்கிறது. அந்தத் தேதி தள்ளிப்போனால், இடைப்பட்ட காலத்தில் சேர்த்த பணமும் பொதுவாக அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். "கொடுக்கக்கூடாது" என்று இழுப்பவர் கடைசியில் கூடுதலாகப் பங்கிட நேரலாம்.

ஆனாலும் மறுப்புக்குப் பேரம் பேசும் பலம் இருக்கிறது. சீக்கிரம் வெளியேற விரும்புபவர், "பரவாயில்ல, வீட்டுல என் பங்கு வேணாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார். வக்கீல் கட்டணத்தைத் தாங்க முடியாதவர், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர், வன்முறைக்குப் பயந்தவர் ஆகியோர்தான் அப்படி விட்டுக்கொடுக்கும் நிலைக்கு முதலில் தள்ளப்படுகிறார்கள். சட்டத்தில் இல்லாத ஓர் அதிகாரத்தை அவர்களுடைய அவசரம் துணையின் கையில் கொடுத்துவிடுகிறது.

மறுப்பவர் பக்கமும் உண்டு

மறுப்பவர் எல்லாரும் பழிவாங்குபவர்கள் அல்ல.

இன்னும் அன்பு இருப்பதால் மறுப்பவர்கள் உண்டு. தங்கைக்குக் கல்யாணம் ஆகும்வரை குடும்பப் பெயர் கெடக்கூடாது என்று மறுப்பவர்கள் உண்டு. இந்தியாவிலிருந்து மணமாகி வந்து, கணவரின் ஆதரவில் நீண்டகால வருகை அட்டையில் இருக்கும் மனைவிக்கு, மணவிலக்கு என்றால் இந்த நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடுமோ, பிள்ளையைப் பிரிய வேண்டிவருமோ என்ற பயம். அவர் சொல்லும் "மாட்டேன்" வேறு வகையான "மாட்டேன்".

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மணவிலக்கை எதிர்க்காமலேயே மற்ற விவகாரங்களை எதிர்க்கலாம். "பிரிவதை எதிர்க்கவில்லை. ஆனால் பிள்ளை யாருடன் வளர்வது, வீடு, பராமரிப்புத் தொகை ஆகியவற்றில் உடன்பாடில்லை" என்று நீதிமன்றத்தில் சொல்ல இடமுண்டு. பயம் பணத்தைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ என்றால், போராட வேண்டிய இடம் அதுதான்.

இந்தியாவில் நடந்த கல்யாணம் என்றால்?

திருமணம் மதுரையில் நடந்திருந்தாலும் அது செல்லுபடியானது என்றால், தகுதி இருப்பவர்கள் சிங்கப்பூரில் மணவிலக்கு கோரலாம். ஆனால் இங்கு கிடைக்கும் தீர்ப்பை இந்தியா அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்கக்கூடாது. தம்பதியின் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டு நீதிமன்றம் வழங்கிய மணவிலக்கும், மற்றவர் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்காத நிலையில் வழங்கப்பட்ட மணவிலக்கும் பொதுவாகச் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே துணை இந்தியாவில் இருந்துகொண்டு மறுக்கிறார் என்றால், இரு நாட்டுச் சட்டமும் தெரிந்தவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இங்கு தனி ஆள், அங்கு இன்னும் கணவர் என்ற நிலையில் மாட்டிக்கொள்ளக்கூடாது.

முஸ்லிம் தம்பதிகளுக்கு?

ஷரியா நீதிமன்றத்தில் வழிகள் வேறு. கணவர் தலாக் மூலம் மணவிலக்கு கோரலாம். கணவர் சம்மதிக்காதபோது மனைவிக்கும் வழிகள் உண்டு. திருமணத்தின்போது கணவர் கொடுத்த வாக்குறுதி மீறப்பட்டிருந்தால் தக்லீக். பராமரிக்காமல் விட்டது, கொடுமை போன்ற காரணங்களுக்கு ஃபஸ்கு. மனைவி ஈட்டுத்தொகை கொடுத்து விடுபடுவது குலு. இரு தரப்பும் பிடிவாதமாக இருந்தால் இரு தரப்புக்கும் ஹக்கம் எனப்படும் நடுவர்களை நீதிமன்றம் நியமிக்கலாம். கணவர் "விடமாட்டேன்" என்றால் வழியே இல்லை என்பது இங்கும் உண்மையல்ல.

4 ஆண்டு அதிகமா?

இங்கிலாந்தில் ஒரு வழக்கு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. மணவிலக்கு கேட்ட மனைவி, கணவரின் நடத்தையைக் காரணமாகக் காட்டினார். கணவர் எதிர்த்தார். சொன்ன காரணங்கள் போதவில்லை என்றது நீதிமன்றம். 2018ல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு உதவவில்லை. பிரிந்து 5 ஆண்டுகள் முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு சட்டமே மாறியது. 2022 ஏப்ரல் முதல் அங்கு ஒருவர் "திருமணம் முறிந்துவிட்டது" என்று அறிவித்தாலே போதும். துணை மறுத்துத் தடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 12 மாதப் பிரிவு போதும். பக்கத்தில் மலேசியாவில், முஸ்லிம் அல்லாதோர் 2 ஆண்டுப் பிரிவைத் திருமண முறிவுக்கு ஆதாரமாகக் காட்டலாம். சிங்கப்பூரில் 4.

நீண்ட காலம் வைப்பதற்கும் காரணம் சொல்லப்படுகிறது: திருமணம் இலேசாக உடையக்கூடாது, ஒருவரின் கோபத்தில் இன்னொருவரின் வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடக்கூடாது. அது நியாயமான கவலை. ஆனால் இப்போதைய நிலையில் ஒரு முரண்பாடு இருக்கிறது. 2024ல் நாம் கொண்டுவந்த மாற்றத்தின் நோக்கம், பழி சொல்லாமல் பிரிய வழி செய்வது. அது ஒத்துப்போகும் தம்பதிகளுக்குத்தான் கிடைக்கிறது. ஒத்துப்போகாத தம்பதிகளுக்கு, அதாவது சண்டை அதிகமாக இருக்கும் வீடுகளுக்கு, இன்னமும் இரண்டே தேர்வுகள்: துணையின் தவறுகளைப் பட்டியல் போடு, இல்லையென்றால் 4 ஆண்டு காத்திரு. பிள்ளைகள் பார்க்கக்கூடாத சண்டை எந்த வீட்டில் நடக்கிறதோ, அந்த வீட்டுக்குத்தான் பழி சொல்லும் வழி மிஞ்சியிருக்கிறது.

காத்திருக்கும்போது செய்யக்கூடியவை

மணவிலக்கு முடியும்வரை எல்லாவற்றையும் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வன்முறை இருந்தால் தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு உடனே விண்ணப்பிக்கலாம். அதற்கு மணவிலக்கு வழக்கு போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு உடல் ரீதியான கொடுமையோடு பாலியல், மனரீதியான கொடுமையும் சட்டத்தில் தெளிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கணவர் வீட்டுச் செலவுக்குப் பணம் தராவிட்டால், திருமணம் நீடிக்கும்போதே மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புத் தொகை கோரலாம். நோயால் அல்லது உடற்குறையால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத கணவரும் மனைவியிடம் கோரலாம்.

வங்கிக் கணக்கு, சேமநிதி, வீட்டுக் கடன் ஆவணங்களின் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்த தேதியை எழுதி வையுங்கள். வக்கீல் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி அலுவலகத்தை நாடலாம். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் வீட்டுக்கு அருகில் உள்ள குடும்பச் சேவை நிலையத்துக்குப் போகலாம். அங்கே போவதால் மணவிலக்கு முடிவு எடுத்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

முக்கியமாக, "கையெழுத்து போடு, இல்லாட்டி ஒண்ணும் கிடையாது" என்ற மிரட்டலில் எதையும் எழுதிக்கொடுக்காதீர்கள். உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் முன், உண்மையில் காத்திருக்க வேண்டியது எத்தனை மாதம் என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள். நீங்கள் பயந்த காலத்தைவிட அது குறைவாக இருக்கலாம்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் சூழலுக்கு ஏற்ற சட்ட ஆலோசனையைத் தகுதிபெற்ற வழக்கறிஞரிடம் பெறுங்கள்.)